விதைநெல்லும் விருந்துச் சோறும்

அறுவடை முடிந்து களத்திலே நெல் குவிந்ததும் வீட்டுக்குப் பெரியவர் முதலிற் செய்யும் காரியம் ஒன்றுண்டு. அடுத்த காலபோகத்துக்கு வேண்டிய விதைநெல்லைத் தெரிந்தெடுத்து, நன்றாகக் காயவைத்து, வேறொரு சாக்கிலே கட்டி வைத்துவிடுவார். பசி வந்தாலும் விருந்தினர் வந்தாலும் அச்சாக்கிற் கை வைப்பதில்லை. உண்ட நெல் அன்றைக்குப் போதும். வைத்த நெல்லே அடுத்த ஆண்டுக்கு வரும். உழவர் குடிகள் நன்கறிந்த இவ்வுண்மை, கமராவும் கணினியும் புகுந்துவிட்ட இக்காலத்து இல்லங்களுக்கும் வேண்டியதே என்பதை நாம் காலங்கடந்து உணர்ந்தோம். உணர்ந்த விதத்தை மறைக்காது கூறினால் நேயர்களுக்குப் பயன்படும் என்பது எமது எண்ணம்.

எமது அன்னையார் படத்துக்கு முகங்கொடாதவர். கமராவைக் கண்டால், "என்னை விடு தம்பி, பிள்ளையளை எடு" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார். அவருடைய இளமைக் காலப் படங்கள் சில பழைய அல்பங்களில் இருந்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபொழுது அவ்வல்பங்கள் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. நாம் திரும்பி வந்தபொழுது அல்பங்களும் இல்லை, அலுமாரியும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தைப்பொங்கல் நாளிலே, முற்றத்திற் பானையருகே நின்ற அன்னையாரை அவர் அறியாதவாறு ஒரு படம் எடுத்தோம். அவருக்குப் பின்னே கிழக்கு வானில் ஞாயிறு எழுந்துகொண்டிருந்தது. பானையிலிருந்து எழுந்த ஆவி பொன்னிறமாக ஒளிர்ந்தது. கதிரவனுக்கு எதிர்ப்புறம் இருந்தமையால் அவர் முகம் மட்டும் இருளில் அமிழ்ந்திருந்தது. அவ்வாண்டு ஆடி மாதம் வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தபொழுது, அன்றைய படங்களையெல்லாம் கோத்து, இசையுஞ் சேர்த்து, 8 நிமிடப் படவரிசைக் காட்சி ஒன்றை அமைத்துத் தொலைக்காட்சிப் பெட்டியிலே காட்டினோம். அன்னையாரின் படம் 5 செக்கன்கள் நின்று மறைந்தது. "நல்லாயிருக்கு அண்ணை! கோயிற் சிலை மாதிரி நிக்கிறா அம்மா" என்று தங்கை வியந்தாள். அவ்விருளையே அழகு என்று நாமும் மகிழ்ந்தோம்.

காட்சி முடிந்தது; புகழுங் கிடைத்தது. கணினியில் இடம் போதவில்லை. காட்சிதான் கையில் இருக்கிறதே, இனி மூலப்படங்கள் எதற்கு என்று எண்ணி அவை அனைத்தையும் அழித்துவிட்டோம். அதே நினைவட்டையிலே கல்லூரி விளையாட்டுப் போட்டிப் படங்களையும் எடுத்து நிரப்பினோம்.

அன்னையார் மறைந்தார். அந்தியேட்டிக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. அடையாள அட்டைப் படத்தை விட்டால் இருந்தது அந்தப் பொங்கற் படம் ஒன்றே. காட்சியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்துக்கொண்டு படக்கடைக்குச் சென்றோம். கடைக்காரர் கணினியில் அதனைப் பெருப்பித்து, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார். இருள் சாம்பல் நிறமாயிற்று, முகம் வரவில்லை. "மாஸ்டர், இதுக்குள்ளை முகம் இல்லை. மூலப்படம் இருந்தாக் கொண்டாங்கோ, எடுத்துத் தாறன்" என்றார். எமக்கு மறுமொழி சொல்ல நாவெழவில்லை.

பச்சைப் படம் யாது?

மூலப்படத்தில் மட்டும் முகம் எங்ஙனம் இருக்கும் என்று மாணவர் வினவலாம். விடை காண்பதற்குக் கமராவின் உள்ளே சற்று நோக்குதல் வேண்டும்.

இன்றைய கமராவிலே படச்சுருள் இருந்த இடத்தில் ஓர் உணரி இருக்கிறது. அஃது ஒளியை அளக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகளைக் கொண்ட தகடு எனலாம். இக்குழிகள் ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியமாட்டா. ஆதலின் ஒவ்வொரு குழியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றனுள் ஒரு நிற வடிகட்டி அமைக்கப்பட்டுள்ளது. நான்கு குழிகளில் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியன. இவ்வமைப்பை வகுத்தவர் கொடாக் நிறுவனத்து அறிஞர் பிறைஸ் பேயர். 1976 இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. குழிகள் அளந்த எண்களைப் பெரிதும் மாற்றாது அப்படியே எழுதி வைக்கும் கோப்பையே ஆங்கிலத்தில் 'றோ' என்பர். பச்சையான படம் என்பது பொருள். பச்சையரிசி போல அஃது இன்னும் சமைக்கப்படாதது. அதனைப் படமாகக் காண்பதற்கு ஒரு மென்பொருள் வேண்டும்.

நாம் நாள்தோறும் காணும் ஜேபெக் படமோ சமைத்து முடிந்தது. கமராவே நிறங்களைக் கணித்து, ஒளியைச் சீராக்கி, கண்ணுக்கு வேண்டாதவை என்று கருதியவற்றைக் களைந்து சிறிய கோப்பாகத் தந்துவிடுகிறது. இதிலே ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள. 14 பிற் அளவுடைய பச்சைப் படத்திலோ 16,384 படிகள் உள. எமது பொங்கற் படத்தையே எடுத்துக்கொள்வோம். கமரா தாங்கக்கூடிய உச்ச ஒளியில் 64 இல் ஒரு பங்கு மட்டுமே அன்னையாரின் முகத்திலிருந்து வந்தது என்று வைத்தாலும், அவ்விருளுக்குள்ளே 256 படிகள் எஞ்சியிருக்கும். நெற்றிச் சுருக்கமும் திருநீற்றுக் குறியும் அப்படிகளுக்குள்ளேதான் இருந்திருக்கும். மென்பொருளிலே நிழற்பகுதியை மட்டும் உயர்த்தியிருந்தால் அவை வெளிப்பட்டிருக்கும்.

காணொளியில் நிகழ்வது யாது? ஜேபெக் படம் மேலும் ஒருமுறை சுருக்கப்படுகிறது. 6,000 புள்ளி அகலமும் 4,000 புள்ளி உயரமும் உள்ள படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் உண்டு. வழக்கமான முழு எச்.டி. காணொளியின் ஒரு சட்டகத்திலோ 1,920 க்கு 1,080 என்ற கணக்கில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகளே உள. ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கே. அதற்கு மேலும், இருண்ட பகுதிகளிற் கண் அதிகம் நோக்காது என்று கருதி, காணொளி அமைக்கும் மென்பொருள் அங்கேயே மிகுதியாகச் சிக்கனம் பிடிக்கிறது. கடைக்காரர் கூறியது முற்றிலும் உண்மை. அதற்குள்ளே முகம் இல்லை.

காட்சி அமைக்கும் முறை

இவ்வளவுங் கூறியதனாற் படவரிசைக் காட்சி வேண்டாத ஒன்று என்று நேயர்கள் கொள்ளலாகாது. மூத்தோர் கணினியிற் கோப்புக் கோப்பாகத் திறந்து பார்க்கமாட்டார். குடும்பம் முழுவதும் ஓரிடத்தில் இருந்து, "அந்தா பெரியம்மா" என்று சுட்டிக்காட்டி மகிழ்வதற்குக் காட்சியே உகந்தது. விருந்துச் சோறு இல்லாமல் விருந்து ஏது?

முதலாவது வேலை தெரிவு. 400 படங்கள் இருப்பின் 60 போதும். ஒரு படம் 5 செக்கன்கள் நின்றால் 60 படங்களுக்கு 5 நிமிடம். அதற்கு மேற் சென்றால் சிறுவர் எழுந்து ஓடிவிடுவர்.

இரண்டாவது வேலை பதப்படுத்தல். டார்க்ரேபிள், றோதெரப்பி போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. இவற்றின் சிறப்பு யாதெனின், நாம் ஒளியைக் கூட்டினாலும் நிறத்தை மாற்றினாலும் மூலக்கோப்பு சிறிதும் மாறுவதில்லை. செய்த மாற்றங்கள் வேறொரு சிறு கோப்பிலே குறிப்பாக எழுதப்படுகின்றன. பத்து ஆண்டுகளின் பின்னரும் அக்குறிப்பை நீக்கிப் புதிதாகத் தொடங்கலாம். பதப்படுத்தியவற்றை ஜேபெக் படங்களாக வெளியே எடுத்தபின், சொற்கட், கேடென்லைவ் முதலிய மென்பொருள்களில் ஒழுங்காக அடுக்கிக் காணொளியாக்கலாம்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கமராப் படங்களின் அகலமும் உயரமும் 3 க்கு 2 என்னும் விகிதத்தன. தொலைக்காட்சித் திரையோ 16 க்கு 9. மென்பொருள் தானே திரையை நிரப்புமாறு விட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். 4,000 புள்ளி உயரத்தில் 625 புள்ளிகள் போய்விடும். பின்வரிசையில் நிற்கும் மாமாவுக்குத் தலை இல்லாமற் போவது இதனாலேயே.

காலத்தைச் சுருக்கும் கலை

படங்களை வரிசையாக ஓடவிடுவதில் இன்னொரு வகையும் உண்டு. கமராவை ஓரிடத்தில் அசையாது நிறுத்தி, குறித்த இடைவெளியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்து, செக்கனுக்கு 25 படங்கள் வீதம் ஓடவிட்டால், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய அசைவுகள் புலப்படும். இதனை ரைம்-லாப்ஸ் என்பர். காலச்சுருக்கப் படம் என நாம் கூறலாம்.

இது நேற்றுத் தோன்றிய விளையாட்டன்று. செருமனியின் லீப்சிக் நகரத்துத் தாவரவியல் அறிஞர் வில்கெல்ம் பெஃபர், 1898 க்கும் 1900 க்கும் இடையில் செடிகளின் அசைவை இம்முறையாற் படம்பிடித்து மாணவருக்குக் காட்டினார். இலண்டனிற் கல்வித் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்த பேர்சி சிமித் என்பவர், மலர்கள் விரிவதைக் காட்டும் படத்தை 1910 இல் வெளியிட்டார். 1979 இன் முதலிரு மாதங்களில் வியாழக்கோளை நெருங்கிய வொயேஜர்-1 விண்கலம், அக்கோள் ஒருமுறை சுழல எடுக்கும் ஏறத்தாழ 10 மணிநேரத்துக்கு ஒரு படமாக எடுத்து அனுப்பிற்று. அவற்றைச் சேர்த்து ஓடவிட்டபொழுது வியாழனின் மேகப் பட்டைகள் ஒன்றுக்கொன்று எதிராக ஓடுவதை மக்கள் கண்டனர். அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஜேம்ஸ் பேலொக் 2007 முதல் கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களிற் கமராக்களை நாட்டி, பனியாறுகள் பின்வாங்குவதைப் பதிவு செய்தார். முதற் பருவத்திற் பல கமராக்களின் நேரக்கருவிகள் பழுதுபட்டு அவர் கண்ணீர் விட்ட காட்சியை, அம்முயற்சி பற்றி 2012 இல் வெளிவந்த திரைப்படத்திற் காணலாம். போன பனி திரும்ப வந்து கமரா முன் நிற்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நிசாகந்தி விரிந்த இரவு

எமது கல்லூரி விஞ்ஞான மன்ற மாணவர் சிலருக்கும் இவ்வாசை பிறந்தது. ஒரு மாணவியின் வீட்டு முற்றத்தில் நிசாகந்திச் செடி மொட்டுக் கட்டியிருந்தது. சிங்கள மக்கள் கடுபுல் எனப் போற்றும் இம்மலர் இரவில் விரிந்து விடியுமுன் வாடிவிடுவது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளியினச் செடி என்பதைப் பலர் அறியார்.

கணக்கு இலகுவானது. மாலை 7 மணி முதல் நள்ளிரவு வரை 5 மணிநேரம். நிமிடத்துக்கு ஒரு படமாயின் 300 படங்கள். செக்கனுக்கு 25 வீதம் ஓடினால் 12 செக்கன்கள். ஒரு பச்சைப் படம் 30 மெகாபைற் எனின் 300 படங்களுக்கு 9 கிகாபைற் இடம் வேண்டும்.

முதல் இரவு தோல்வியாயிற்று. கமராவின் போக்கிலேயே எல்லாவற்றையும் விட்டு, ஜேபெக் படங்களாக எடுத்தனர். ஒவ்வொரு முறையும் கமரா தானே ஒளியையும் நிறத்தையும் நிர்ணயித்தமையால், மலர் ஒரு கணம் மஞ்சளாகவும் மறுகணம் நீலமாகவும் தோன்றிப் பழைய ரியூப் விளக்குப் போல மின்னிற்று. நல்வினையாக இன்னொரு மொட்டு எஞ்சியிருந்தது. மூன்றாம் நாள் இரவு ஒளி, நிறம், குவியம் மூன்றையும் கையாற் பூட்டி, பச்சைப் படங்களாக எடுத்தனர். மின்விளக்கின் நிறம் சற்று மஞ்சளாக இருந்தது. எனினும் அஃது ஒரு குறையாகவில்லை. பச்சைப் படத்தில் வெள்ளைச் சமநிலையைப் பின்னர் மாற்றினாலும் இழப்பில்லை. ஒரு படத்திற் செய்த திருத்தத்தை 300 படங்களுக்கும் ஒருங்கே படியெடுத்தனர். மலர் வெள்ளையாகவே விரிந்தது.

இரவு 10 மணி கடந்தபின் கமராவின் பற்றரி தீர்ந்தது. மாற்றுப் பற்றரி பூட்டி மீண்டும் தொடங்குவதற்குள் 6 நிமிடங்கள் சென்றுவிட்டன. ஓடும் படத்தில் 6 படங்கள் என்பது கால் செக்கன்கூட இல்லை. ஆயினும் அவ்விடத்தில் ஓர் இதழ் திடீரெனத் துள்ளியது. இடைப்பட்ட படங்களைக் கணினியே கற்பனையாக வரைந்து நிரப்பும் வசதி இப்பொழுது உண்டு. "சேர், ஆறு படந்தானே, நிரப்பிவிடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் ஒரு மாணவன். நாம் வாய் திறப்பதற்கு முன் அருகிருந்த மாணவி, "மூலப்படத்திலை நேரம் கிடக்கெல்லோ, அது காட்டிக் குடுக்கும்" என்றாள். வீட்டிலே பார்த்து மகிழ்வதற்கு நிரப்பலாம்; விஞ்ஞானக் கண்காட்சியில் வைப்பதற்கு ஆகாது என்று முடிவாயிற்று. அவ்விடத்தில் '6 நிமிடம் பதிவில்லை' என்று ஒரு வரி இட்டனர். காட்சி பேசுவதை மெய்யா பொய்யா என்று சொல்லவல்ல சாட்சி மூலப்படமே என்பதை எமது மாணவர் எம்மிலும் விரைவாகக் கற்றுக்கொண்டனர்.

வைத்துக் காக்கும் வழி

பச்சைப் படங்கள் இடத்தைப் பெரிதும் பிடிக்கும் என்பது மெய்யே. அனைத்தையும் வைத்திருக்க வேண்டியதில்லை. கண் மூடியவையும் நடுங்கியவையும் போகட்டும். தெரிந்தெடுத்தவற்றை மட்டும் இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளிலும், மூன்றாவது பிரதியை வேறொரு வீட்டிலோ உறவினரிடத்திலோ வைத்தல் நன்று. ஒரே அலுமாரியில் எல்லாவற்றையும் வைப்பதன் விளைவை எம் தலைமுறை நன்கறியும். கோப்புறைக்கு ஆண்டு, மாதம், நிகழ்ச்சி என்று பெயரிடுதலும் அவசியம். படத்தில் இருப்பவரின் பெயரையும் உடன் எழுதி வைக்க. அவர்களை அறிந்தவர் எந்நாளும் அருகிருப்பார் என்பது நிச்சயமன்று.

கமரா இல்லை, கைத்தொலைபேசி மட்டுமே உண்டு என்போர் கவலையுறத் தேவையில்லை. இன்றைய கைத்தொலைபேசிகள் பலவும் அடோபி நிறுவனம் 2004 இல் வகுத்த டி.என்.ஜி. என்னும் பச்சைப்பட வடிவிற் பதியவல்லன. அவ்வசதி இல்லையேல் எடுத்த ஜேபெக் கோப்பே மூலம், அதனையே காக்க. வட்ஸ்அப் வழியாக உறவினருக்கு அனுப்பிய படத்தை மூலமென்று மயங்கற்க. வழியிலே அது சுருக்கப்படுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பின் சுருங்காது செல்லும். தவறுதலாக அழித்துவிட்டால், அந்த நினைவட்டையில் வேறொன்றும் பதியாது உடனே எடுத்து வையுங்கள். மேலெழுதப்படாதவரை மீட்டுத்தரும் மென்பொருள்கள் உண்டு. நாம் அதனை அறிந்தபொழுது எமது அட்டையில் விளையாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அன்னையாரின் அந்தப் படத்தையே சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பின்னே ஞாயிறு, முன்னே பொங்கும் பானை, நடுவிலே இருண்டதோர் உருவம். கண்டவர்கள் அழகு என்கின்றனர். எமது இளைய மகள் மாத்திரம் ஒருநாள் கதிரையில் ஏறி நின்று நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "அப்பா, அப்பம்மான்ரை முகம் தெரியேல்லையே" என்றாள். அவள் கைக்குழந்தையாய் இருந்த காலத்திலேயே அவர் மறைந்துவிட்டார். எமக்கோ அவ்விருளுக்குள் முகம் தெரிகிறது. அவளுக்குக் காட்டுவதற்குத்தான் வழியில்லை.

இன்று மாலை உங்கள் கணினியையோ கைத்தொலைபேசியையோ திறந்து, அங்கே கிடப்பவற்றுள் விதைநெல் எவை என்று குடும்பத்தோடு இருந்து தெரிந்தெடுங்கள். அவற்றை வேறாகக் கட்டி வைத்தபின் விருந்துக்கு உலையேற்றுங்கள்.